பொற்கிழி வளைந்தால் போதுமா?



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'அறிவியல், சமயம், அறம், அளவை'. நாலும் நாலு கடல். ஒரு கடலைத் தாண்டுவதற்கே அனுமன் வேண்டியிருந்தது. அதனால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே டவுன் பஸ் ஓடும் தூரத்தைத் தாண்டிப் போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். வேண்டுமானால் ஏதென்ஸையும் எடின்பரோவையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். தத்துவம் என்பது வெளியூர்ச் சரக்கு என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் இருக்கிறது. கடவுளை நிரூபிக்க முடியுமா, கண்ணால் கண்டதெல்லாம் மெய்யா, சரி எது தவறு எது என்று யார் தீர்மானிப்பது ஆகிய கேள்விகள் எல்லாமே இந்தச் சாலையில் வழக்காக வந்திருக்கின்றன. சில இன்னும் தீர்ப்பாகவில்லை.

முதல் வழக்கு ஒரு பணமுடிப்பைப் பற்றியது. மதுரையில் ஸ்ரீவல்லபதேவன் என்று ஒரு பாண்டியன். மழைக்காலத்துக்கு மற்ற மாதங்களில் சேர்த்துவைப்பதுபோல மறுமைக்கு இம்மையில் எதைச் சேர்ப்பது என்ற கவலை அவனைப் பிடித்துக்கொண்டது. செல்வநம்பி என்ற அவனுடைய புரோகிதர் ஒரு வழி சொன்னார்: பொற்கிழி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், பண்டிதர்களை அழையுங்கள், பரம்பொருள் யார் என்று நிலைநாட்டுகிறவருக்கு அது கிடைக்கட்டும். வந்தவர்கள் பலர். வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தரும் போனார். போகச் சொல்லிக் கனவில் ஆணை. பூக்கூடையைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று தயங்கித்தான் போனார். பேசினார். பேசி முடித்ததும் பொற்கிழி தானே அவர் பக்கம் வளைந்து கொடுத்தது. குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது.

மாணவர்கள் இந்த இடத்தில் கேட்கிற கேள்வி, அது உண்மையிலேயே வளைந்ததா என்பது. எனக்கு அது இரண்டாவது கேள்வி. வளைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன நிரூபணமாயிற்று? பொற்கிழி வளைந்தது என்பது மட்டும்தான். அதை வளைத்தது திருமால் என்று சொல்ல வேண்டுமானால், வளைக்கும் வல்லமையுள்ள திருமால் ஒருவர் உண்டு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சபையில் நிரூபிக்க வேண்டியிருந்ததும் அதுவேதான். நிரூபிக்க வேண்டியதையே நிரூபணத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுவதை நியாய நூலார் சாத்தியசமம் என்பார்கள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பண்டிதர் ஒருவர், கயிறு தளர்ந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அவரை வாதத்தால் மடக்கியிருக்க முடியாது. வளைந்த கிழி ஏற்கெனவே நம்பியவனுக்கு மகிழ்ச்சி தரும். நம்பாதவனை அசைக்காது.

இதைச் சொல்வதால் கதையைத் தூக்கியெறிகிறேன் என்று நினைக்க வேண்டாம். கதையின் அறிவு அடுத்த காட்சியில் இருக்கிறது. பாண்டியன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறான். பிள்ளையின் பெருமையைக் காண வரும் பெற்றோர்போல் திருமால் கருடன்மேல் வானத்தில் வந்து நிற்கிறார். வாதத்தில் வென்றவர் என்ன செய்ய வேண்டும்? இதோ பாருங்கள் நான் சொன்ன பரம்பொருள் என்று கையைக் காட்ட வேண்டும். இவரோ பதறிப்போகிறார். இத்தனை அழகு இப்படி எல்லார் கண்ணிலும் பட்டால் என்ன ஆகுமோ என்று, கடவுளுக்கே பல்லாண்டு பாடுகிறார். எல்லாம் வல்லவன் என்று காலையில் நிலைநாட்டியவர் மாலையில் அவனுக்குக் காப்புக் கட்டுகிறார்! அளவை நூல்படி இது முரண். பக்தியில் அது முரணே அல்ல. சபையில் அவர் அடுக்கிய ஏதுக்கள் அவருடைய பாசுரமாக நம்மிடம் வரவில்லை, வந்தது திருப்பல்லாண்டு. ஆழ்வார்களில் அவருக்குப் 'பெரிய' என்ற அடை சேர்ந்து பெரியாழ்வார் ஆனதற்கும் வைணவர்கள் காட்டும் காரணம் பல்லாண்டுதான், பொற்கிழி அல்ல. நிரூபிப்பது ஒரு காரியம், நேசிப்பது வேறு காரியம் என்று அந்த மரபுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் மறந்துவிட்டது.

வாதத்தின் சுவை வேண்டுமென்கிறவர்களுக்கு ராஜபாளையத்தில் ஒரு வசதி உண்டு. இங்கே பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்தமால்யதா' ஸ்ரீவில்லிபுத்தூரைக் களமாகக் கொண்டது. அதில் விஷ்ணுசித்தர் பிற தரிசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பது விரிவாகவே வருகிறது. பேரரசை நடத்திய ஒருவருக்கு இதற்கும் நேரம் இருந்திருக்கிறது.

சாட்சி என்றேன். எத்தனை வகைச் சாட்சி உண்டு என்பதைத் தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் மணிமேகலைக்குப் போக வேண்டும். வஞ்சியில் சமயக் கணக்கர்களிடம் அவள் கேட்கும்போது, அளவை பத்து என்பவர், எட்டு என்பவர், ஆறு என்பவர் என்று கணக்கே வேறுபடுகிறது. பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருமத்தைச் சொல்லுமுன் அளவையைச் சொல்லிக்கொடுக்கிறார். ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று பொய்யான காரணங்களை இனம் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் மேலே போகிறார். துறவு கேட்டு வந்த பெண்ணுக்குத் தர்க்கப் பாடம்! சைவ சித்தாந்திகள் அந்தப் பட்டியலைச் சுருக்கி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்றார்கள். கண்ணால் காண்பது, கண்டதைக் கொண்டு ஊகிப்பது, நம்பத்தகுந்தவர் வாக்கை ஏற்பது. இந்த மூன்றும் இன்றைக்கு எனக்குப் போதும்.

மூன்றும் வழுக்கும். காண்டலைப் பாருங்கள். 2024 டிசம்பரில் இசையமைப்பாளர் இளையராஜா ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்கு வந்தார். அர்த்த மண்டபத்து வாசலில் நடந்தது வீடியோவில் இருந்தது. நாடே பார்த்தது. அவரைத் தடுத்து வெளியே அனுப்பினார்கள் என்று பாதிப் பேர் 'கண்டார்கள்'. அந்த மண்டபத்துக்குள் அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர யாரும் போவதில்லை, அதைச் சொன்னதும் அவர் வெளியே நின்று வணங்கினார் என்று மீதிப் பேர் 'கண்டார்கள்'. அறநிலையத்துறை விளக்கம் கொடுத்தது. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள் என்று அவரே சொன்னார். ஒரே வீடியோ. கண் ஒன்றைப் பார்க்கும்போதே, கோயில் வாசலில் சாதி பார்த்துத் தடுத்ததாக நெடுநாளாக நமக்குத் தெரிந்திருக்கும் ஒரு வரலாறு பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வரலாறு பொய்யில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

உரை இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் குழந்தையும் சொல்லும். பதினோரு நிலை, 192 அடி. ஆனால் 1949இல் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், தாம் வரைந்தது மதுரை மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்று சொல்லியிருப்பதாகவே செய்தி. வரைந்தவர் வாக்கு பெரிதா, பார்க்கிறவர்கள் வாக்கு பெரிதா? மதுரைக்காரர்கள் முன்னால் ஒரு பதிலும் இங்கே ஒரு பதிலும் சொல்லித் தப்பித்து வருகிறேன்.

இனி கருதல். இது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது.

விஷ்ணுசித்தரின் மகள் ஆண்டாள் எந்தக் காலத்தவள்? மரபின் விடை கலியுகம் 98, நள வருஷம், ஆடிப்பூரம். ஆங்கிலக் கணக்கில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன். ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியில் போனார்கள். திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டில் தோழியை எழுப்பும்போது பொழுது விடிந்ததற்கு அடையாளமாக வெள்ளி கிழக்கே எழுந்ததையும் வியாழன் மேற்கே அடைந்ததையும் ஆண்டாள் காட்டுகிறாள். முதல் பாட்டு மார்கழி மாதத்து முழுநிலவு நாளைச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்து வானியல் கணக்குப் போட்டால் ஆண்டு கிடைக்காதா? மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' என்ற நூலில் இந்த வழியில் போய்க் கி.பி. 731 என்ற ஆண்டுக்கு வந்தார். இலக்கியத்தையும் வானத்தையும் ஒருங்கே படித்தவரின் உழைப்பு அது. அதே பாட்டைக் கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தவர்களும் உண்டு. ஒரே பாட்டு, ஒரே வானம், நூற்றைம்பது ஆண்டு வித்தியாசம். எப்படி?

கணக்கு கடினமில்லை. நம் பார்வையில் வெள்ளி 584 நாளுக்கு ஒருமுறை தன் நிலைக்குத் திரும்பும். ஐந்து சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட எட்டு ஆண்டு. ஆகவே இந்த மார்கழியில் வெள்ளி எங்கே நிற்கிறதோ, எட்டாம் ஆண்டு மார்கழியிலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. அது எழும் நேரத்தில் வியாழன் மறைய வேண்டுமானால் வியாழன் வானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்தாக வேண்டும். மார்கழியில் வியாழன் அந்த இடத்துக்கு வருவது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. எட்டும் பன்னிரண்டும் மறுபடி கைகோக்க இருபத்து நான்கு ஆண்டு. வியாழனின் சுற்று சரியாகப் பன்னிரண்டு இல்லை, 11.86 ஆண்டு, அதனால் இந்தச் சந்திப்பு மெல்ல நழுவிக்கொண்டே போகும். வெள்ளி பல மாதம் தொடர்ந்து விடிவெள்ளியாக நிற்பதால் இடையிலும் சில ஆண்டுகள் பொருந்தும். ஆக, ஆண்டாள் கண்ட வானம் ஒரு நூற்றாண்டில் பல தடவை வந்துபோகும் வானம். முழுநிலவைச் சேர்த்தால் வலை இறுகும். எந்த மார்கழியிலும் ஒரு பௌர்ணமி உண்டு என்பதால் ரொம்பவும் இறுகாது.

இங்கேதான் அளவைப் பிழை நுழைகிறது. மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. பெய்திருக்கலாம், அம்மா தண்ணீர் தெளித்தும் இருக்கலாம். 731இல் பாடியிருந்தால் வானம் அப்படித் தெரிந்திருக்கும், வானம் பாட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஆகவே 731. இது நனைந்த முற்றம். கணினி மென்பொருளில் கலி 98ஐ ஒட்டித் தேடினாலும் பொருந்தும் ஆண்டு ஒன்று அகப்பட்டுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு மரபை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று யாராவது எழுதினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்படியானால் வானியல் வீணா? இல்லை. வெள்ளி மாலை நட்சத்திரமாக இருந்த மார்கழிகளை அது உறுதியாகத் தள்ளிவிடும். வியாழன் சூரியன் பக்கம் ஒதுங்கியிருந்த மார்கழிகளையும் தள்ளிவிடும். இது இல்லை, அதுவும் இல்லை என்று சொல்வதில்தான் அறிவியலுக்குப் பலம் அதிகம். மிச்சமிருக்கும் ஆண்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மொழிநடை வேண்டும், கல்வெட்டு வேண்டும், பெரியாழ்வாரின் பாண்டியன் யார் என்ற அரசர் வரிசை வேண்டும். இத்தனைக்கும் அடியில் ஒரு சந்தேகம் படுத்திருக்கிறது. அவள் அன்றைக்கு வானத்தைப் பார்த்துத்தான் சொன்னாளா, விடியலுக்கு வழக்கமாகச் சொல்லும் அடையாளத்தைச் சொன்னாளா? வழக்கு என்றால் கணக்குக்கு வேலையே இல்லை. பார்த்துச் சொன்னாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது என் ரசனை, சான்று அல்ல.

இந்தப் பாட்டை வைத்துக்கொண்டு அன்றே நமக்கு வானியல் தெரியும் என்று மார்தட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். பால் கறக்க எழுந்திருக்கும் எவருக்கும் விடிவெள்ளி தெரியும். அதை விஞ்ஞானச் சாதனையாக்கினால் பாட்டு உயர்வதில்லை. மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு முப்பது பாட்டையும் சொல்லும் பெண்கள் 731ஆ 885ஆ என்று தெரிந்துகொண்டா எழுந்திருக்கிறார்கள்? நம்பிக்கைக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வாங்கித் தருகிறவர்கள் நம்பிக்கையை அவமதிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். சான்றிதழ் நாளை ரத்தானால் என்ன செய்வார்கள்?

அறத்துக்கு வருவோம். அதே நந்தவனம், அதே வீடு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கூடையில் வைக்கிறாள். ஒருநாள் தந்தை கண்டுபிடித்துவிடுகிறார். ஒருவர் சூடியதைச் சாமிக்குச் சாத்தக் கூடாது. அன்றைக்கு மாலை போகவில்லை. இரவு கனவில் பெருமாள், அவள் சூடிய மாலையே வேண்டும் என்கிறார்.

ஏதென்ஸில் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ், யூதிப்ரோ என்பவரிடம் கேட்கும் கேள்வி இதுவேதான். தேவர்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தேவர்கள் விரும்புகிறார்களா? வில்லிபுத்தூரில் கேட்டால் இப்படி வரும். பெருமாள் வேண்டும் என்றதால் அந்த மாலை தூய்மையானதா? அப்படியென்றால் முந்தின நாள் வரை அவள் செய்தது குற்றமே, நல்லவேளையாக மன்னிப்புக் கிடைத்தது. அல்லது அன்பால் சூடியது முதல் நாளிலிருந்தே தூய்மையானதா? அப்படியென்றால் பெருமாள் புதிதாகச் சட்டம் எதுவும் போடவில்லை, முன்பே சரியாக இருந்ததைச் சரி என்று அடையாளம் கண்டார். 'சூடிக் கொடுத்த சுடர்க்கொடி' என்று அவளைக் கொண்டாடுகிறவர்கள் மன்னிக்கப்பட்ட ஒருத்தியைக் கொண்டாடவில்லை. அவள் சூடிக் களைந்த மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் சித்திரையில் கள்ளழகருக்கும் இன்றும் போகிறது. ஆக, ஊர் தன் விடையைச் சொல்லிவிட்டது. நல்லது என்பது ஆணைக்கு முந்தியது.

இதை ஒப்புக்கொண்டால் அது மாலையோடு நிற்காது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்கள் எனப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, ஆகமம் இடம் கொடுக்காது என்றார்கள். மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். உள்ளே போனவர்களைக் காக்கும் சட்டம் பிறகுதான் வந்தது. சட்டமும் சாத்திரமும் அனுமதி கொடுப்பதற்கு முன்பே அந்தக் காலடி சரியானது. எழுதிவைத்ததே அறம் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு அந்த நாளை விளக்குவது சிரமம்.

சரி, சமயம் அறத்தைத் தீர்மானிக்காது என்றால் அறிவியல் தீர்மானிக்குமா? நம் மாணவர்களில் பாதிப் பேர் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ராஜபாளையம் நாய் பதில் சொல்லும். 2005இல் அஞ்சல்தலையிலேயே இடம்பெற்ற நாய் அது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. வாங்க வருகிறவர் ஒரு புள்ளி கறுப்பு இருந்தாலும் முகம் சுளிப்பார். அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் செல்கள் அழிந்துபோகும். வெள்ளை நாய் இனங்கள் பலவற்றிலும் இது உண்டு. நம் இனத்திலும் காது கேளாத குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். வெள்ளைக்காகவே தேர்ந்து தேர்ந்து இனம் சேர்ப்பதில் அந்தக் குறையையும் சேர்த்தே பெருக்குகிறோம்.

இவ்வளவும் அறிவியல் சொல்லும். இனி வெள்ளைக்காக இனம் சேர்க்கக் கூடாது என்று அது சொல்லுமா? சொல்லாது. எடின்பரோவில் பிறந்த டேவிட் ஹியூம் 1739இல் வெளிவரத் தொடங்கிய நூலில் இதைத்தான் சுட்டினார். உலகம் இப்படி இருக்கிறது என்று விவரித்துக்கொண்டே வந்து, ஆகவே நீ இப்படிச் செய்ய வேண்டும் என்று சத்தமில்லாமல் தாவிவிடுகிறோம். நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. நம் கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக ஓர் உயிரைச் செவிடாகப் பிறக்கவைப்பது தவறு என்பதே அந்தப் படி. அதை நுண்ணோக்கியில் பார்க்க முடியாது, நாம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் படி மட்டும் இருந்து அறிவியல் இல்லாமலிருந்தால், செவிட்டுக் குட்டியை அதன் தலையெழுத்து என்று விட்டிருப்போம். எனக்கு இரண்டும் வேண்டும்.

கடைசி வழக்கு இந்த ஊரிலேயே தொடங்கியது. நாலு கடலும் ஒன்றாக மோதிக்கொண்டது அதில்தான். 2018 ஜனவரி 7, ராஜபாளையம். கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிய தம் கட்டுரையை ஒரு விழாவில் வாசித்தார். புகழ்ந்து எழுதிய கட்டுரைதான். அதன் நடுவே, ஆண்டாள் திருவரங்கக் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி என்று அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஒரு நூலின் கூற்றை மேற்கோளாகக் காட்டினார். கட்டுரை தினமணியில் வெளிவந்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். போராட்டங்கள், புகார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயரின் உண்ணாவிரதம், உயர் நீதிமன்றம் வரை வழக்கு. கவிஞர் வருத்தம் தெரிவித்தார், பத்திரிகையும் தெரிவித்தது.

யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த வாரங்களில் என்ன வகைச் சாட்சிகள் கூண்டில் ஏறின என்று மட்டும் பார்க்கிறேன். முதல் சாட்சி அந்த மேற்கோள். உரை என்ற அளவை. நூல் உண்மையில் சிம்லாவிலிருந்து இந்திய உயராய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்டது. பதிப்பாசிரியர் எஸ்.சி. மாலிக். அதில் அந்த வரி உள்ள கட்டுரையை எழுதியவர்கள் எம்.ஜி.எஸ். நாராயணன், கேசவன் வேலுதாட் என்ற கேரள வரலாற்றாசிரியர்கள் இருவர். அமெரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றதும் வரிக்குக் கூடுதல் எடை வந்துவிட்டது என்பது நம்மைப் பற்றி எதையோ சொல்கிறது. இரண்டு பேரும் தேர்ந்த அறிஞர்களே. ஆனால் அறிஞர் சொன்னார் என்பது ஒன்று, எதைக் கொண்டு சொன்னார் என்பது இன்னொன்று. என்ன கல்வெட்டு, என்ன ஏடு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் குரல் கூச்சலில் அமுங்கிப்போயிற்று. மறுபக்கத்துக்கும் இதே கேள்வி உண்டு. துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தை என்பதும் உரைதான். நம்பிக்கையாக அதற்கு எந்தச் சான்றும் வேண்டாம். வரலாறாகச் சொன்னால் அதே கூண்டில் அதுவும் ஏற வேண்டும்.

இரண்டாவது சாட்சி, மனம் புண்பட்டது. புண்பட்டது பொய்யில்லை. தினமும் அம்மா என்று கூப்பிடுகிற ஒருத்தியைப் பற்றி யாரோ எதையோ சொன்னால் வலிக்கும். ஆனால் அந்த வலி இன்றைய பக்தரைப் பற்றிய சாட்சி, ஆண்டாளின் காலத்தைப் பற்றிய சாட்சி அல்ல. அதேபோல, சொல்ல எனக்கு உரிமை உண்டு என்பதும் சொன்னது உண்மை என்பதற்குச் சாட்சி அல்ல. இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் சாட்சியைத் தவறான நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அது கூண்டில் ஏறவே இல்லை. தேவதாசி என்று சொன்னது இழிவு என்று கோபப்பட்டவர்களின் வாதத்துக்கு அடியில் சொல்லாமல் விட்ட ஒரு படி இருந்தது. தேவதாசியாக இருப்பது இழிவு என்ற படி. ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி, வீடும் நெல்லும் கொடுத்து, ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டினான். இழிவானவர்கள் என்று நினைத்திருந்தால் பெயர் பெயராக வெட்டியிருக்க மாட்டான். சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர், கோயில் பெண்கள் தாங்களே நிலமும் பொன்னும் தானம் கொடுத்தவர்களாக நிற்பதை 2000இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். இழிவு பிற்காலத்தில் சேர்ந்தது. அந்தப் பெண்களைச் சுரண்டியவர்கள் சேர்த்தது. முத்துலட்சுமி ரெட்டி போராடியது சுரண்டலை எதிர்த்து. 1947இல் வந்த சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்தது.

கவிஞர் தரப்பிலோ, அந்தக் காலத்தில் அது உயர்ந்த சொல்தானே என்றார்கள். சரியாக இருக்கலாம். ஆனால் உயர்ந்த சொல் என்பதால் ஆண்டாள் தேவதாசி என்று ஆகிவிடாது. இழிந்த சொல் என்பதால் அவள் தேவதாசி அல்ல என்றும் ஆகிவிடாது. ஒன்று வரலாற்றுக் கேள்வி, மற்றது அறக் கேள்வி. வரலாற்றுக் கேள்விக்கு இன்றுவரை போதுமான சான்றை யாரும் காட்டி நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த வரியை நான் ஏற்கவில்லை. அறக் கேள்விக்கு எந்தக் கல்வெட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மரபில் வந்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அந்த வாரங்களில் மேடைக்கு மேடை, பேப்பருக்குப் பேப்பர், தங்கள் பாட்டியின் பெயரே வசைச்சொல்லாகப் புரள்வதை அவர்களும் படித்திருப்பார்கள். மனம் புண்பட்டவர்கள் கணக்கில் அவர்களை யாரும் சேர்த்ததாக நினைவில்லை.

பாடகி எம்.எல். வசந்தகுமாரியின் தாயார் லலிதாங்கி அந்த மரபில் வந்தவர். தமிழ்நாட்டில் எத்தனையோ பெருமாள் கோயில்களில் மார்கழி விடியலில் திருப்பாவை முப்பதும் இன்றும் வசந்தகுமாரியின் குரலில்தான் ஒலிக்கிறது. 2018 மார்கழியிலும் ஒலித்தது. நிறுத்தச் சொல்லி எந்த ஊரிலும் யாரும் புகார் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.